மூடாத பெட்டியும் முப்பத்துமூன்று ரவைகளும்

வீட்டுக் காவலுக்கென்று வைத்திருக்கும் கைத்துப்பாக்கிக்கு நீளமான ரவைக்கூடு, அதாவது துப்பாக்கி ரவைகளை அடுக்கிச் செருகும் மகசின், தேவையா, தேவையென்றால் எதை நம்பி வாங்குவது என்ற கேள்வி பல மாதங்களாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. வட இலங்கையின் வன்னியில் இருக்கும் ஒருத்திக்கு இது எட்டாத கேள்விதான். இங்கே கைத்துப்பாக்கி வைத்திருக்கும் வீடு எதையும் நான் அறியேன். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ், ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31உடன் காலாவதியாகும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து, பன்றியிடமிருந்து வயலைக் காக்க வேட்டைத்துவக்கு வைத்திருந்தவர்கள் எங்கள் அப்பாவின் வயதுக்காரர்கள். அந்தத் துவக்குகளை 1980களில் இயக்கங்கள் கேட்டும் கேளாமலும் கொண்டுபோன பின்னர், வீட்டுக்குள் துவக்கு என்ற பேச்சே எங்கள் பக்கம் இல்லாமற் போயிற்று. நாட்டின் பிற இடங்களில் தற்பாதுகாப்புக்கென்று தனிநபர்களுக்கு வழங்கப்பட்டிருந்த சுடுகலன்களைக்கூட 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு திருப்பி ஒப்படைக்கச் சொல்லிவிட்டது.

கேள்வி வந்தது தம்பியிடமிருந்து. அவன் அமெரிக்காவில், ரெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் குடும்பத்தோடு இருக்கிறான். இரண்டு வீடு தள்ளி இருந்த ஒரு வீட்டுக்குள் இரவு நேரத்தில் ஆட்கள் புகுந்த பின்னர், முறைப்படி கிளொக் 19 கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினான். அதனோடு வரும் வழக்கமான கூடு 15 ரவைகள் கொள்ளும். அவனுக்கு அது போதாது என்று தோன்றிவிட்டது. 33 ரவைகள் கொள்ளும் நீண்ட கூடு ஒன்றின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, “அக்கா, இது நம்பலாமோ?” என்று கேட்டிருந்தான். என்னிடம் ஏன் கேட்டான் என்பதற்கு விளக்கம் அவசியமில்லை. கண்ணிவெடி அகற்றும் பணியில் நான் கழித்த காலத்தில் என் கையும் கண்ணும் பழகிய பொருட்களில் ரவைக்கூடும் ஒன்று. அவன் அதை அறிவான்.

ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நம்பகம் என்று அவன் எதைக் கேட்கிறான், நான் எதை எண்ணிச் சொல்லப்போகிறேன் என்பது எனக்கே தெளிவாக இருக்கவில்லை. அதனால் அந்தப் பொருளை அடியிலிருந்து யோசிக்கத் தொடங்கினேன்.

பழுது இருக்கும் இடம்

துப்பாக்கி வாங்குபவர்கள் குழலைப் பார்ப்பார்கள், விசையை அழுத்திப் பார்ப்பார்கள், பிடி கைக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். கூட்டைப் பெரும்பாலும் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. ஆனால் தானாக ரவையேற்றும் கைத்துப்பாக்கி ஒன்று இடையில் நின்றுபோனால், அதைப் பழகியவர்கள் முதலில் சந்தேகப்படுவது கூட்டைத்தான். உலோகத் தகட்டாலோ கடினமான பிளாஸ்ரிக்காலோ ஆன ஒரு உறை, உள்ளே ஒரு நீண்ட ஸ்பிரிங், அதன் தலையில் ரவைகளைத் தாங்கி மேலே தள்ளும் ஒரு தட்டு, அடியில் ஒரு மூடி, மேலே ரவையைச் சரியான சாய்வில் பிடித்து வைத்திருக்கும் இரண்டு விளிம்புகள். இவ்வளவுதான் கூடு. இவற்றில் எந்த ஒன்று சற்றே பிசகினாலும், மற்றபடி குறையில்லாத துப்பாக்கி வெறும் இரும்பாகிவிடும்.

ஒரு ரவை வெடித்ததும் துப்பாக்கியின் மேற்பகுதியான ஸ்லைட் பின்னே போய், வெறுங்கோதை வெளியே எறிந்துவிட்டு, முன்னே திரும்பி வரும். ஒரு நொடியின் மிகச் சிறிய பங்குக்குள் இது முடிந்துவிடும். அந்த இடைவெளிக்குள் ஸ்பிரிங் எஞ்சியிருக்கும் ரவைகள் அத்தனையையும் தூக்கி, மேலேயுள்ள ஒன்றை ஸ்லைட்டின் வழியில் கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும். கூட்டுக்குள் ரவைகள் இரண்டு வரிசையாக ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன; வாய்க்கு வரும்போது மட்டும் ஒற்றை வரிசையாகின்றன. நெரிசலான யாழ்ப்பாண பஸ்ஸில் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்பவர்கள் ஒரே வாசலால் ஒவ்வொருவராக இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு, தடங்கல் எந்த இடத்தில் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது கூட்டை நீட்டினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 9 மில்லிமீற்றர் ரவை ஒன்று ஏறக்குறைய 12 கிராம் நிறையுள்ளது. 15 ரவைகள் என்றால் 180 கிராம். 33 என்றால் 400 கிராமுக்குச் சற்றுக் குறைவு. முதல் ரவை சுடப்பட்டதும் மீதி முழுவதையும் அதே அற்ப நேரத்துக்குள் ஸ்பிரிங் தூக்கியாக வேண்டும். ரவைகள் ஒன்றோடொன்றும் உறையின் சுவரோடும் உரசும் இடங்களும் கூடுகின்றன. முழுமையாக அழுத்தப்பட்டிருக்கும் ஸ்பிரிங்குக்கு அப்போது விசை அதிகம் என்பது உண்மை. ஆனால் சுமையும் அப்போதுதான் அதிகம். முடிவில் நிலைமை தலைகீழாகிறது. கடைசி இரண்டு மூன்று ரவைகளுக்கு வரும்போது ஸ்பிரிங் ஏறக்குறைய முழுவதும் விரிந்துவிட்டதால் விசை தளர்ந்திருக்கும். எனவே நீண்ட கூடு ஒன்று பிசகினால் பெரும்பாலும் தொடக்கத்தில் பிசகும், அல்லது கடைசியில் பிசகும். நடுவிலுள்ள ரவைகள் சீராக ஓடுவதைப் பார்த்து, கூடு நல்லது என்று முடிவுகட்டுவது பிழை.

இதை நான் சொல்லித்தான் உலகம் அறிய வேண்டும் என்றில்லை. முப்பது கொள்ளும் கூட்டில் இருபத்தெட்டு ரவைகளே நிரப்பும் வழக்கம் படைவீரர்களிடையே நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. ஸ்பிரிங்குக்குச் சற்று மூச்சுவிட இடம் கொடுப்பதுதான் அதன் நோக்கம்.

ஸ்பிரிங் பற்றி இன்னொரு நம்பிக்கை பரவலாக உண்டு. கூட்டை நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் களைத்துப்போகும், ஆகையால் அடிக்கடி ரவைகளை இறக்கி ‘ஓய்வு’ கொடுக்க வேண்டும் என்பார்கள். நல்ல உருக்கில் செய்து, தாங்கும் எல்லைக்குள் மட்டுமே அழுத்தப்படும் ஸ்பிரிங் சும்மா அழுந்திக் கிடப்பதால் குறிப்பிடத்தக்க அளவு தளர்வதில்லை. திரும்பத் திரும்ப அழுத்தி விடுவிப்பதே அதைத் தேய்க்கிறது. ஆனால் ‘தாங்கும் எல்லைக்குள்’ என்ற நிபந்தனைதான் இங்கே எல்லாமும். அளவான உறைக்குள் இன்னும் இரண்டு ரவைகளைத் திணிக்க விரும்பும் தயாரிப்பாளர், ஸ்பிரிங்கை அந்த எல்லைக்கு அப்பால் நெரிக்கிறார். அப்படி நெரிந்த ஸ்பிரிங் பழைய நீளத்துக்குத் திரும்பாது. பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைவிட ஒன்றோ இரண்டோ குறைவாக நிரப்புவது கோழைத்தனமல்ல.

மண்ணுக்குள் கிடந்த கூடுகளை நான் பார்த்திருக்கிறேன். பழைய பதுங்குகுழி வரிசைகளின் ஓரமாக மண்ணைச் சுரண்டிச் சுரண்டி முன்னேறும்போது, சிவப்புச் செம்பாட்டு மண்ணில் கிடைக்கும் ரி-56 துப்பாக்கியின் இரும்புக் கூடுகள் ஓரளவு உருவத்தோடு இருக்கும். முல்லைத்தீவுக் கடல்நீரேரிப் பக்கத்து உப்பு மணலில் கிடைப்பவை தொட்டாலே உதிரும். அவற்றைத் திறப்பது எங்கள் வேலை அன்று. குறித்து வைத்து, உரியவர்களிடம் ஒப்படைப்பதோடு எங்கள் பங்கு முடிந்துவிடும். ஆனாலும் ஒன்றின் பக்கவாட்டைத் துரு முழுவதுமாகத் தின்றிருந்ததால், உள்ளே இருந்தது திறக்காமலே தெரிந்தது. மேலே இருந்த ரவைகள் பச்சை பூத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றின் கீழே, தட்டு ஒரு பக்கமாகச் சரிந்து சுவரில் சிக்கியிருந்தது. ஸ்பிரிங்கின் மேற்சுற்று மட்டும் அந்தச் சரிவின் அடியில் வளைந்து கிடந்தது. மண்ணுக்குள் வந்த பிறகு அது சரிந்திருக்கலாம். அதற்கு முன்பே சரிந்துமிருக்கலாம். அதைத் தாங்கியிருந்தவரின் கடைசி நேரத்தில் அந்தத் தட்டு எந்த நிலையில் இருந்தது என்ற எண்ணம் அன்று என்னை வேலை செய்ய விடவில்லை. ஒரு தட்டு சில பாகை சரிவது எவ்வளவு பெரிய விடயம் என்பதை நான் அந்தக் கூட்டைப் பார்த்துத்தான் உணர்ந்தேன்.

எதை வாங்குவது

தம்பிக்கு நான் முதலில் சொன்னது, துப்பாக்கியைச் செய்த நிறுவனமே செய்த கூட்டைத் தவிர வேறொன்றையும் வீட்டுக் காவலுக்கு எண்ணாதே என்பதுதான். கிளொக் நிறுவனத்தின் கூடுகள் உள்ளே உருக்குத் தகடும் வெளியே பிளாஸ்ரிக் போர்வையுமாக அமைந்தவை; வாய் விளிம்புகள் எளிதில் விரிந்து கொடுப்பதில்லை. அதே நிறுவனம் 17 ரவைகள் கொள்ளும் கூட்டைக் கிளொக் 17க்குச் செய்கிறது, அது கிளொக் 19க்கும் பொருந்தும். பிடிக்குக் கீழே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. 24 கொள்ளும் கூடு உண்டு. 33 கொள்ளும் கூடும் உண்டு. அது முதலில் தொடர்ச்சியாகச் சுடக்கூடிய கிளொக் 18க்காக வந்தது. மக்புல் போன்ற பெயர்பெற்ற வெளி நிறுவனங்கள் முழுவதும் பிளாஸ்ரிக்கில் 21, 27 ரவைகள் கொள்ளும் கூடுகளைச் செய்கின்றன. இவற்றுக்கும் அப்பால், பாதி விலைக்குக் கிடைக்கும் எத்தனையோ கூடுகள் சந்தையில் இருக்கின்றன. வழக்கமான கூட்டின் அடிமூடியைக் கழற்றிவிட்டுப் பூட்டும் நீட்டிப்பு மூடிகளும் கிடைக்கின்றன. அவற்றைப் பூட்டும்போது ஸ்பிரிங்கையும் அதற்கேற்ற நீளமானதாக மாற்றாவிட்டால், கடைசி ரவைகளைத் தூக்க விசை போதாமல் போகும்.

சட்டம் இடத்துக்கு இடம் வேறு என்பதையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். 1994 முதல் 2004 வரை அமெரிக்கா முழுவதிலும் பத்துக்கு மேற்பட்ட ரவைகள் கொள்ளும் புதிய கூடுகளைப் பொதுமக்களுக்கு விற்பது தடைசெய்யப்பட்டிருந்தது. இப்போது கலிபோர்னியா, நியூயோர்க், நியூ ஜேர்சி போன்ற மாநிலங்களில் எல்லை 10, கொலராடோவில் 15, ரெக்சாஸில் எல்லையே இல்லை. கனடாவிலுள்ள எங்கள் உறவுகளுக்கு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே கைத்துப்பாக்கிக் கூட்டுக்கு 10 என்பதுதான் எல்லை; 2022 ஒக்டோபருக்குப் பின்னர் கைத்துப்பாக்கியைப் புதிதாக வாங்குவதும் முடக்கப்பட்டுவிட்டது.

அவன் என் சொல்லைப் பாதி கேட்டான். ஒரு 33 கூட்டை நிறுவனத்திடமிருந்தும், இன்னொன்றை மலிவாக வேறோரிடத்திலிருந்தும் வாங்கினான். இரண்டையும் துப்பாக்கி சுடும் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்து, மனைவியைக் கொண்டு காணொளி எடுத்து அனுப்பினான். மலிவான கூடு தொடக்கத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்தது. நான்காவதோ ஐந்தாவதோ ரவையின் மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்து ஸ்லைட்டுக்கும் குழலுக்கும் இடையில் நெரிபட்டு நின்றது. அவன் அதை எடுத்துவிட்டுத் தொடர்ந்தான். கடைசி ரவை சுட்டு முடிந்ததும் ஸ்லைட் பின்னாலேயே திறந்து நிற்க வேண்டும், நிற்கவில்லை. மூடிக்கொண்டது. கூடு காலி என்று அறியாமல் அவன் மறுபடியும் விசையை அழுத்தினான், ‘டிக்’ என்ற ஓசை மட்டும் கேட்டது. அந்த ஓசையை ஹூஸ்டனின் ஒரு சுடுகூடத்தில், காதுமூடியோடு, பகல் வெளிச்சத்தில் கேட்டதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

நிறுவனத்தின் கூடு பிசகவில்லை. அன்றும் பிசகவில்லை, பின்னர் அவன் திரும்பத் திரும்பப் போய்ச் சுட்டபோதும் பிசகவில்லை. பயிற்சிக்கான உருண்டை மூக்கு ரவைகளை மட்டும் சுட்டுவிட்டு நிறுத்திவிடாதே, வீட்டில் நிரப்பி வைக்கப்போகிற குழிமூக்கு ரவைகளையும் சுட்டுப் பார் என்று சொல்லியிருந்தேன். குழிமூக்கு ரவை உடலைத் துளைத்து அப்பாலும் போகும் அபாயம் ஒப்பீட்டளவில் குறைவு என்பதால் வீட்டுக்கு அதையே பலரும் வைக்கிறார்கள். ஆனால் மூக்கின் வடிவம் வேறாக இருப்பதால் குழலுக்குள் ஏறும் விதமும் வேறு. விலை அதிகம் என்று முணுமுணுத்தாலும் செய்தான். கூட்டின் உள்ளே எண்ணெய் பூசாதே, எண்ணெய் தூசியை இழுக்கும், ரவையின் அடியிலுள்ள பற்றவைக்கும் மருந்தையும் கெடுக்கும் என்றேன். உலர்ந்த துணியால் துடைத்தான். ஒவ்வொரு கூட்டின் அடியிலும் எண் எழுதி, எதில் எப்போது தடங்கல் என்று குறித்து வைக்கச் சொன்னேன், எழுதினான். பழுதைக் கூட்டோடு சேர்த்துக் குறிக்காவிட்டால், துப்பாக்கியைக் குறை சொல்லிக்கொண்டே காலம் போய்விடும்.

ஆக, நீண்ட கூடு நம்பகமானதா என்று அவன் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில், ஆம் என்பதுதான். அந்த ஒரு கூடு, அந்த ஒரு துப்பாக்கியில், அந்த ரவைகளோடு நம்பகமானது. நான் எதிர்பார்த்திருந்த பதில் அதுவல்ல என்றாலும், சோதனை அதைத்தான் சொல்லிற்று.

அவனுடைய அச்சம்

முப்பத்துமூன்று ரவைகள் எதற்கு என்று அவனிடம் நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று நினைத்தேன். 2011இல், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம ஆட்கள் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற ‘கிறீஸ் மனிதன்’ பீதி நாடெங்கும் பரவியபோது, ஆண் துணையில்லாத வீடுகள் எங்கள் ஒழுங்கையில் எத்தனையோ இருந்தன. பொழுதுபட்டதும் நாலைந்து குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் கூடிப் படுப்போம். கதவுக்கு உட்புறம் உலக்கையைக் குறுக்கே வைப்போம். மிளகாய்த்தூள் டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியவர்களை நான் அறிவேன். நாய் குரைத்தால் எல்லோரும் விழித்துக்கொள்வோம், ஒருவரும் பேசமாட்டோம். அந்த இரவுகளில் யாராவது என்னிடம் ஒரு துப்பாக்கியைத் தந்து, எத்தனை ரவை வேண்டும் என்று கேட்டிருந்தால், போதும் என்ற சொல் என் வாயில் வந்திருக்காது.

அவன் சொன்ன நியாயமும் நியாயம்தான். தூக்கத்திலிருந்து எழும்புகிறவன் இடுப்பில் மேலதிகக் கூடுகளைச் செருகிக்கொண்டு எழும்புவதில்லை. சாரத்தோடும் வெறுங்காலோடும் நிற்கிறவனுக்குத் துப்பாக்கிக்குள் இருப்பது மட்டுமே கையிருப்பு. இருட்டில், நடுங்கும் விரல்களால், வெற்றுக் கூட்டை இறக்கி வேறொன்றை ஏற்றுவது பயிற்சியுள்ளவருக்கே கடினம். வெளியே கொண்டுபோகும் துப்பாக்கிதான் சட்டைக்குள் மறைய வேண்டும். வீட்டில் இருக்கும் துப்பாக்கிக்கு நீளம் ஒரு குறையல்ல. இவ்வளவும் உண்மை. நான் மறுக்கவில்லை.

மூடி

விடயம் முடிந்துவிட்டது என்றே இருந்தேன். பிறகொரு நாள் காணொளி அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது, எங்கே வைத்திருக்கிறாய் என்று தற்செயலாகக் கேட்டேன். அவனிடம் கட்டிலுக்கருகில் சிறிய இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. இலக்கப் பூட்டைத் தடவியே இருட்டில் திறக்கலாம். துப்பாக்கி வாங்கிய அன்றே அதையும் வாங்கியிருந்தான். அதைக் காட்டினான். காலியாக இருந்தது.

“மூடி பூட்டுப்படேல்ல அக்கா. கூடு நீளம். அதாலதான் லாச்சிக்குள்ள வைச்சிருக்கிறன்.”

33 ரவைக் கூட்டை ஏற்றினால் கிளொக் 19இன் பிடிக்குக் கீழே ஏறக்குறைய இன்னொரு பிடியளவு நீளம் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டிலருகே வைக்கும் சிறு பெட்டிகள் அவ்வளவு நீளத்தை எண்ணிச் செய்யப்படுவதில்லை. அவன் பெட்டியை அடக்கமாகப் பார்த்து வாங்கியிருந்தான், கூட்டைப் பெரிதாகப் பார்த்து வாங்கியிருந்தான். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அடங்காது என்பது தெரிந்த நாளில், பெட்டியை விட்டுவிட்டுக் கூட்டை வைத்துக்கொண்டான். லாச்சியை, அதாவது கட்டிலருகே உள்ள இழுப்பறையை, மூடியிருக்கிறேன் என்றான். மேல் லாச்சி என்றான். சின்னவனுக்கு எட்டாது என்றான். அந்த நேரத்தில் சின்னவன் பின்னாலே கட்டிலின் மேல் நின்று, “மாமி!” என்று கையசைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஐந்து வயது. கட்டிலின் மேல் நின்றபோது லாச்சியின் மேற்பலகை அவன் இடுப்புக்குக் கீழே இருந்தது.

கண்ணிவெடி அகற்றலோடு சேர்த்து, பாடசாலைகளில் வெடிபொருள் அபாயக் கல்விக்கும் எங்களை அனுப்புவார்கள். தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல் என்று பிள்ளைகளுக்குப் பாடமாக்குவோம். மீள்குடியேற்றம் நடந்த காலத்தில், புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில், படம் காட்டி முடிந்ததும் ஒரு பையன் எழுந்து தன் புத்தகப் பையைத் திறந்தான். கணிதப் புத்தகத்துக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் இடையில் துருவேறிய ரவைக்கூடு ஒன்று இருந்தது. உள்ளே ரவைகளும் இருந்தன. ஆசிரியை ஒரு சத்தமும் போடவில்லை. பிள்ளைகளை வரிசையாக வெளியே அனுப்பினார். பிறகு நாங்கள் அந்தப் பையனின் வீட்டுக்குப் போனோம். கோழிக்கூட்டின் பின்னாலிருந்து எடுத்தானாம். தாய் நாள்தோறும் கூட்டிப் பெருக்கும் முற்றம் அது. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தன் கண்ணில் ஒருநாளும் படவில்லையே என்றார். அதே காலத்தில் எத்தனையோ வீடுகளில் இதையே கேட்டிருக்கிறோம். ஒரு வளவுக்குள் என்ன கிடக்கிறது என்பதைப் பெரியவர்களுக்கு முன்னரே பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். பெரியவர்களின் கண்ணுயரத்தில் தேடிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்தான்.

கிளொக் கைத்துப்பாக்கியில் கையால் தள்ளிப் பூட்டும் பாதுகாப்பு நெம்பு கிடையாது. விசையின் நடுவிலேயே ஒரு சிறு நாக்கு இருக்கிறது. விசையை அழுத்தும் விரல் அதையும் சேர்த்து அழுத்திவிடும். விசைக்கு வேண்டிய அழுத்தம் இரண்டரைக் கிலோ அளவில்தான். குழலில் ரவை ஏறியிருக்கையில், ஐந்து வயதுப் பிள்ளை துப்பாக்கியைத் தன் பக்கமாகத் திருப்பி, இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து வைத்து அழுத்தினால் அது போதும். அந்த நிலையில் எந்தத் தடங்கலும் வராது என்பதைத்தான் நானும் தம்பியும் அத்தனை நாட்களாகப் பாடுபட்டு உறுதிப்படுத்தியிருந்தோம். மலிவான கூட்டை ஒதுக்கினோம், நல்ல கூட்டைத் தேர்ந்தோம், உலர்த்தினோம், எண்ணிட்டோம், சோதித்தோம். முதல் ரவை நிச்சயமாக வெடிக்கும். யார் அழுத்தினாலும் வெடிக்கும்.

இதைத்தான் நான் அவனிடம் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவன் மனைவி கைப்பேசியை வாங்கி, “மச்சாள், இப்பவே எடுப்பிக்கிறன்” என்றார். அவருக்கும் அதுவரை தெரியாது. பதினேழு வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளை சுடத் தயாரான துப்பாக்கியை எட்டக்கூடியதாக விட்டு வைத்து, பிள்ளை அதை எட்டிவிட்டால், அது ரெக்சாஸ் சட்டத்திலேயே குற்றம். அதை அவனுக்கு நான் நினைவூட்ட வேண்டியிருந்தது. அனுமதி, எல்லை, ரவைக் கணக்கு எல்லாவற்றையும் தேடிப் படித்தவனுக்கு அந்த ஒரு பிரிவு மட்டும் மனதில் பதிந்திருக்கவில்லை.

பிறகு

அன்றிலிருந்து கூடு பற்றிய என் எண்ணத்தின் ஒழுங்கு மாறிவிட்டது. முன்பு நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகள் ஸ்பிரிங்கிலிருந்து தொடங்கின. இப்போது யாராவது கேட்டால் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். பூட்டக்கூடிய பெட்டியைக் கட்டிலருகே முதலில் வையுங்கள். நீங்கள் வைக்க நினைக்கும் கூட்டை ஏற்றிய நிலையில் துப்பாக்கியை அதற்குள் வைத்து மூடியைப் பூட்டுங்கள். பூட்டுப்படாத கூடு எத்தனை ஆயிரம் ரவைகளைத் தடங்கலின்றிச் சுட்டிருந்தாலும், அது உங்கள் வீட்டுக்கு உகந்ததல்ல. பெரிய பெட்டி வாங்கலாமே என்று தம்பியும் கேட்டான். வாங்கலாம்தான், இருட்டில் கையால் தடவித் திறக்கக்கூடியதாகவும், சுவரோடோ கட்டிலோடோ பிணைக்கக்கூடியதாகவும் இருந்தால். அப்படி ஒன்று அவன் அறையில் அடங்கவில்லை.

பூட்டுப்படும் கூடுகளுக்குள்ளேதான் மீதித் தேர்வு. 15 ரவைக் கூடு ஏறிய துப்பாக்கி அவனுடைய பெட்டிக்குள் இலகுவாக அடங்கிற்று. 17 ரவைக் கூட்டோடு வைத்தபோது மூலையில் சற்று இறுக்கமாக இருந்தாலும், மூடி அழுத்தாமலே பூட்டுப்பட்டது. அதையே வைத்துக்கொண்டான். பக்கத்தில் இன்னொரு 15 ரவைக் கூட்டைப் படுக்க வைக்கவும் இடம் இருந்தது. ஸ்லைட் மூடியிருக்கும்போது முழுமையாக நிரப்பிய கூட்டைச் செருகினால் சில வேளை கொளுவாமல் நின்றுவிடும். செருகியபின் கீழே இழுத்துப் பார்க்க வேண்டும். அடித்துச் செருகினாலும் கொளுவவில்லை என்றால் ஒரு ரவையைக் குறைக்க வேண்டும். அவன் 16 நிரப்புகிறான். இரண்டு கூடுகளும் நிறுவனத்தினுடையவை, இரண்டிலும் குழிமூக்கு ரவைகளைச் சுட்டுப் பார்த்திருக்கிறான், இரண்டின் அடியிலும் எண் இருக்கிறது. ஹூஸ்டனின் ஈரக்காற்று இரும்பைச் சும்மா விடாது என்பதால், பெட்டிக்குள் ஈரமுறிஞ்சும் சிறு பொதி ஒன்றைப் போட்டு வைக்கச் சொன்னேன்.

33 ரவைக் கூட்டை அவன் விற்கவில்லை. ரவைகளை இறக்கிவிட்டு, சுடுகூடத்துக்குக் கொண்டுபோகும் பையில் வைத்திருக்கிறான். அதில் எனக்கு மறுப்பு இல்லை. நல்ல கூடு அது. ஸ்பிரிங்கும் தட்டும் வாயும் ஒரு குறையும் சொல்ல முடியாதவை. மலிவான கூட்டை மட்டும் கழற்றி, உறையை நசுக்கி எறியச் சொன்னேன். பிறர் கைக்குப் போய் இன்னொரு வீட்டின் கட்டிலருகே அது இருக்கக் கூடாது. நசுக்கியதைப் படம் எடுத்து அனுப்பினான். தட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது.

ஐந்து வயதுக்காரனுக்கு இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. பெட்டி பூட்டியிருந்தாலும், வீட்டில் என்ன இருக்கிறது என்று அவன் அறிந்துவிட்டான். லாச்சியிலிருந்து பெட்டிக்குப் போனதையும் பார்த்திருப்பான். தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல் என்ற பாடத்தைக் காணொளி அழைப்பில் அவனுக்கும் அவன் அக்காவுக்கும் நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்று தம்பியிடம் கேட்டிருக்கிறேன். ஹூஸ்டனில் சனிக்கிழமைக் காலை என்றால் இங்கே இரவாகிவிடும். அதற்கென்ன, விழித்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.